சீப்பு காகிதத்தை இழுக்கவில்லையா? நிலைமின் சோதனைகளில் வரும் கோளாறுகளும் சரிசெய்யும் வழிகளும்

தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் முதல் அலகே நிலை மின்னியல். ஆய்வகத்தில் அடிக்கடி காலை வாருவதும் அதுதான். தண்டைத் தேய்க்கிறோம், ஒன்றும் நடப்பதில்லை. "இன்னும் அழுத்தித் தேய்" என்று ஒரு குரல் பின்னாலிருந்து வரும். அழுத்தித் தேய்ப்பதால் பெரும்பாலும் பயனில்லை. மின்னூட்டம் உண்டாகாமல் போவது அரிது. உண்டானது தங்காமல் போவதுதான் வழக்கம். அதனால் எந்தக் கோளாறு வந்தாலும் 'எந்த வழியாகக் கசிகிறது?' என்ற கேள்வியிலிருந்து தொடங்குவது நல்லது.

இங்கே நாம் கையாளும் அளவுகள் மிகச் சிறியவை. நன்றாகத் தேய்த்த பிளாஸ்டிக் குழாயில் 10 நானோகூலூம் (கூலூம் என்பது மின்னூட்டத்தின் அலகு, நானோ என்றால் அதில் நூறு கோடியில் ஒரு பங்கு) இருப்பதாக வைத்துக்கொள்வோம். கிட்டத்தட்ட 6,200 கோடி எலக்ட்ரான்கள். கேட்கப் பெரிதாக இருக்கிறது, ஆனால் ஒரு நானோஆம்பியர் கசிந்தால் பத்தே விநாடியில் காலி. குழாயின் மின்னழுத்தம் 1,000 வோல்ட் என்றால், அந்த அளவு கசிவதற்கு பத்து லட்சம் மெகாஓம் மின்தடை உள்ள பாதை போதும். வீட்டு மின்சாரக் கணக்கில் அது மின்கடத்தாப் பொருள். நிலைமின்னுக்கோ திறந்து கிடக்கும் கதவு. மல்டிமீட்டரை வைத்து "இது கடத்தவில்லை, சரியாகத்தான் இருக்கிறது" என்று முடிவு செய்ய வேண்டாம் என்பதும் இதனால்தான். சில பத்து மெகாஓமுக்கு மேல் அந்தக் கருவிக்குக் கண் தெரியாது.

எதற்கும் முன்பு ஒரு சோதனை

குழாய் வேலைக்கு வாங்கும் பிவிசி குழாயில் ஒரு முழம், உலர்ந்த கம்பளித் துணி, பொடித்த தெர்மாகோல் மணிகள் கொஞ்சம். குழாயை நாலைந்து முறை தேய்த்து மணிகளிடம் கொண்டு போங்கள். தாவி ஒட்டிக்கொண்டால் அன்றைய காற்று பரவாயில்லை, கோளாறு உங்கள் கருவியில் இருக்கிறது. அசையவே இல்லையென்றால் கருவியைக் குறை சொல்லாதீர்கள், ஈரப்பதத்தைப் பாருங்கள்.

ஈரக்காற்று மின்சாரத்தைக் கடத்தி மின்னூட்டத்தைக் கொண்டு போய்விடுகிறது என்று பலரும் சொல்வார்கள். கசிவு பெரும்பாலும் காற்றின் வழியாக நடப்பதில்லை. காற்றிலுள்ள நீராவி பொருளின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாகப் படிகிறது. அந்தப் படலத்தில் தூசியின் உப்பும் கையின் வியர்வையும் கரைந்திருக்கும். மின்னூட்டம் அதன் வழியாக நழுவிக் கைக்கு வந்து, கையிலிருந்து தரைக்குப் போய்விடுகிறது. அறை முழுவதையும் உலர்த்த வேண்டியதில்லை, பொருளைச் சூடாக்கினால் போதும் என்பது இதிலிருந்து கிடைக்கும் நல்ல செய்தி. 28 டிகிரியில் 85 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று, 40 டிகிரிக்குச் சூடான பரப்பை ஒட்டி இருக்கும்போது சுமார் 44 சதவீதமாகிவிடும். தண்டு, துணி, மின்காட்டி (மின்னூட்டத்தை இலை விரிந்து காட்டும் கருவி) எல்லாவற்றையும் ஒரு தட்டில் பரப்பி அரை மணி நேரம் வெயிலில் வையுங்கள். மழை நாளில் ஹேர் டிரையர், அல்லது பழைய குண்டு பல்பு. ஏசி அறையும் உதவும். ஆனால் அங்கே குளிர்ந்த கண்ணாடியை வராந்தாவுக்கு எடுத்து வந்தால் வியர்த்துவிடும். அன்றைக்கு அது பயன்படாது.

"சீப்பு காகிதத்தை இழுக்கவே இல்லை"

நம் ஊரில் இதற்கு முதல் காரணம் தேங்காய் எண்ணெய். எண்ணெய் தடவிய தலையில் சீவினால் சீப்பும் முடியும் நேராகத் தொட்டு உரசுவதே இல்லை, நடுவில் எண்ணெய் இருக்கிறது. தலைக்குக் குளித்து நன்றாகக் காய்ந்த முடியில் சீவிப் பாருங்கள், அல்லது சீப்பை விட்டுவிட்டு டிஷ்யூ காகிதத்தில் ஸ்ட்ராவைத் தேய்த்துப் பாருங்கள். சீப்பும் பழையதாக இருந்தால் சோப்பு போட்டுக் கழுவி, அந்த வழவழப்பு போகும்வரை அலசி, காய வைக்க வேண்டும்.

கம்பளியைத் துவைக்கும்போது துணி மென்மையாக்கும் கண்டிஷனர் ஊற்றியிருந்தால் அதுவும் கெடுக்கும். நிலைமின் சேராமல் தடுப்பதும் அதன் வேலைகளில் ஒன்று. காகிதத் துண்டும் பெரிதாக இருக்கக் கூடாது. அரிசி அளவுக்குக் கிழித்தால் எடை குறையும்.

"கண்ணாடியும் பட்டும் மட்டும் வேலை செய்யவில்லை"

புத்தகம் கண்ணாடித் தண்டில்தான் தொடங்கும். ஈரமான ஊருக்கு அதைவிட மோசமான தேர்வு இல்லை என்பது என் கருத்து. கண்ணாடியின் மேற்பரப்புக்கு நீர் என்றால் ஆசை. மற்ற பொருள்களைவிட வேகமாகப் படலம் பிடிக்கும். எபோனைட்டும் (கெட்டி ரப்பர்) பிவிசியும் வேலை செய்கிற அதே நிமிடத்தில் கண்ணாடி செத்துக் கிடக்கும். கை பொறுக்கும் அளவு சூடாக்கி, சூடு ஆறும் முன் தேய்த்துக் காட்டிவிட வேண்டும். பட்டுத் துணியில் ஜரிகை இல்லாத பகுதியை எடுங்கள். உலோக ஜரிகை கடத்தி, மின்னூட்டத்தைக் கைக்குக் கொண்டு போய்விடும்.

நேர், எதிர் இரண்டு மின்னூட்டமும் வேண்டும், கண்ணாடி மானத்தை வாங்குகிறது என்றால் ஒட்டு டேப் இருக்கிறது. மேசையில் ஒரு டேப்பை ஒட்டுங்கள், அதன் முதுகில் இன்னொன்றை ஒட்டுங்கள். இரண்டையும் சேர்த்தே மெதுவாக உரித்து, விரலால் நீளவாக்கில் ஒருமுறை தடவி எஞ்சிய மின்னூட்டத்தைப் போக்குங்கள். அப்புறம் ஒன்றிலிருந்து ஒன்றைச் சரக்கென்று பிரியுங்கள். ஒன்று எலக்ட்ரானை இழந்திருக்கும், மற்றது அதே அளவு பெற்றிருக்கும், இரண்டும் ஈர்த்துக்கொள்ளும். எது எந்தக் குறி என்பது டேப்பைப் பொறுத்தது. கம்பளியில் தேய்த்த பிவிசி எதிர் மின்னூட்டம் பெறும், அதனிடமிருந்து எந்த டேப் விலகுகிறதோ அது எதிர். தேய்ப்பது மின்னூட்டத்தைப் படைப்பதில்லை, இடம் மாற்றத்தான் செய்கிறது என்பதை இவ்வளவு சுத்தமாகக் காட்டும் சோதனை வேறில்லை. செலவு ஒரு டேப் சுருள்.

"ஒட்டிய காகிதம் உடனே துள்ளி ஓடுகிறது"

இது கோளாறு அல்ல. மின்னூட்டமற்ற காகிதத்தின் அருகே எதிர் மின்னூட்டம் பெற்ற குழாய் வரும்போது, காகிதத்திலுள்ள எலக்ட்ரான்கள் சற்றே விலகி நகர்கின்றன. குழாய்க்கு அருகில் நேர், தூரத்தில் எதிர். அருகிலுள்ளதன் மீது விசை அதிகம் என்பதால் மொத்தத்தில் ஈர்ப்பு. தொட்டபின் கொஞ்சம் எலக்ட்ரான் காகிதத்துக்குத் தாவுகிறது, இரண்டும் ஒரே குறி, விலகல். துள்ளாமல் ஒட்டியே கிடந்தால் காகிதம் நன்கு உலர்ந்திருக்கிறது, மின்னூட்டம் அதற்கு மாறவில்லை என்று பொருள். அதன்மேல் அலுமினியத் தாள் சுற்றினால் உடனே துள்ளும்.

"விலக்க வேண்டியவை ஈர்த்துக்கொள்கின்றன"

இரண்டு பலூன், இரண்டையும் தலையில் தேய்த்தாயிற்று, தொங்க விட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. மாணவர்கள் குழம்பும் இடம் இது. காரணம் அநேகமாக ஒரு பலூனின் மின்னூட்டம் கசிந்துவிட்டது, அல்லது மிகவும் குறைந்துவிட்டது. மின்னூட்டம் பெற்ற பொருள் மின்னூட்டமற்றதையும் ஈர்க்கும். ஒரே குறி உள்ள இரண்டில் ஒன்று மிக பலவீனமாக இருந்தால்கூட, மிக அருகில், மேலே காகிதத்தில் பார்த்த அதே தூண்டல் ஈர்ப்பு வென்றுவிடும். ஆகவே ஈர்ப்பை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. விலக்கம் ஒன்றே நம்பகமான சாட்சி.

நூலைப் பாருங்கள். பருத்தி நூல் ஈரத்தில் கடத்தும். நைலான் நூல், மீன் தூண்டில் இழை நல்லது. பலூனின் ஒரு பக்கத்தை மட்டும் தேய்த்திருந்தால் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு மொட்டைப் பக்கம் எதிரே வந்து நிற்கும். ரப்பரில் மின்னூட்டம் தேய்த்த இடத்திலேயே இருக்கும், பரவாது. சுற்றிலும் தேய்க்க வேண்டும்.

விலக்கம் சீக்கிரம் மங்குவதற்குக் கூலூம் விதியிலேயே பதில் இருக்கிறது: விசை இரண்டு மின்னூட்டங்களின் பெருக்கலைப் பொறுத்தது. 0.1 கிராம் நிறையுள்ள இரண்டு தெர்மாகோல் உருண்டைகள், ஒவ்வொன்றிலும் 10 நானோகூலூம், இடைவெளி 5 செ.மீ. விசை 0.00036 நியூட்டன் வரும். உருண்டையின் எடை 0.001 நியூட்டன், எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பக்கவாட்டில் தள்ளுகிறது, அழகாக விரியும். இரண்டிலும் பாதி மின்னூட்டம் கசிந்தால் விசை பாதியாகாது, அதே தூரத்தில் கால் பங்காகிவிடும்.

"மின்காட்டியின் இலை விரியவில்லை, விரிந்தாலும் நிற்கவில்லை"

தங்க இலை மின்காட்டியை ஆபிரகாம் பென்னட் 1780களில் உருவாக்கினார். இன்றும் அதைவிட எளிய கருவி இல்லை, அதே அளவு கோபம் வரவழைக்கும் கருவியும் இல்லை. கோளாறுகள் மூன்று வகை.

தண்டை அருகில் கொண்டு வந்தால் இலை விரிகிறது, எடுத்தால் உடனே மூடுகிறது. இது சரியான நடத்தை. தண்டு தொடவில்லை, மின்காட்டிக்குள் மின்னூட்டம் இடம் மட்டும் மாறியது, தண்டு போனதும் திரும்பிவிட்டது. இலை விரிந்தே நிற்க வேண்டுமென்றால் தண்டால் மேல் தட்டை வழித்து விடுங்கள், அல்லது தூண்டல் முறையில் மின்னேற்றுங்கள்.

தூண்டலில் வரிசைதான் எல்லாம். தண்டை அருகில் பிடி, தட்டை விரலால் தொடு, விரலை எடு, கடைசியில் தண்டை எடு. பலர் தண்டை முதலில் எடுத்துவிட்டு விரலை வைத்திருப்பார்கள். தரைக்குப் போன எலக்ட்ரான்கள் எல்லாம் விரல் வழியே திரும்பி வந்துவிடும், மின்காட்டி வெறுமையாக நிற்கும். சரியாகச் செய்தால் தண்டின் குறிக்கு எதிர்க்குறி கிடைக்கும். "பிவிசி எதிர், மின்காட்டி நேர் காட்டுகிறது, தப்பு" என்று வருபவர்களுக்கு: தப்பில்லை, அப்படித்தான் வர வேண்டும்.

உண்மையான கோளாறு மூன்றாவது. தொட்டு மின்னேற்றிய பிறகும் இலை சில விநாடிகளில் தளர்ந்து விழுகிறது. குற்றவாளி கம்பியைப் பிடித்திருக்கும் மூடி. வீட்டில் செய்த மின்காட்டியில் தக்கையோ அட்டையோ இருந்தால் அதைத் தூக்கிப் போடுங்கள். இரண்டும் ஈரத்தை உறிஞ்சும். மெழுகுவர்த்தியை உருக்கி ஒரு சிறு கட்டியாக வார்த்து அதன் நடுவே கம்பியைச் செருகினால் நிற்கும். மெழுகில் நீர் ஒட்டாது. குழாய்க்காரர்கள் மரையில் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப்பைக் கம்பியில் தடிமனாகச் சுற்றுவதும் நல்ல வழி. எதைப் போட்டாலும் அந்த இடத்தை வெறும் விரலால் தொடக் கூடாது. கம்பியின் முனையைக் கூர்மையாக விட்டிருந்தால் அங்கேயும் கசியும். வளைத்து வட்டமாக்குங்கள், அல்லது அலுமினியத் தாள் உருண்டையைப் பொருத்துங்கள். கூர்முனையில் மின்புலம் குவிந்து காற்றையே மின்னயனியாக்கிவிடும்.

இலை கனமாக இருந்தாலும் விரியாது. சமையலறை அலுமினியத் தாளிலேயே மெல்லிய ரகம் எடுத்து, மடிப்பில்லாமல், கம்பியில் தளர்வாகத் தொங்கும்படி ஓட்டை போட்டு மாட்டுங்கள். பசையால் ஒட்டினால் விறைத்து நிற்கும்.

குறி சோதிக்கும்போது ஒரு எச்சரிக்கை. மின்னேறிய மின்காட்டியிடம் தெரியாத பொருளைக் கொண்டு வரும்போது இலை சற்று மூடினால் எதிர்க்குறி என்று எழுதிவிடுகிறார்கள். உங்கள் வெறும் கையைக் கொண்டு போனாலும் மூடும். மேலும் விரிவதை மட்டும் சாட்சியாக எடுங்கள்.

தேய்க்காத தண்டே மின்னூட்டம் காட்டினால் அது நேற்றைய மிச்சம், அல்லது உறையிலிருந்து உருவும்போது வந்தது. கண்ணாடி, எபோனைட் என்றால் மெழுகுவர்த்திச் சுடருக்கு மேலே வேகமாக ஒரு தடவை காட்டுங்கள். சுடரிலுள்ள அயனிகள் அதைச் சமன் செய்துவிடும்.

"மின்புலக் கோடுகள் வரவில்லை"

விளக்கெண்ணெயில் ரவை தூவி மின்புலம் காட்டும் சோதனை எனக்குப் பிடித்தது. இரண்டு உலோக முனைகளுக்கிடையே சில ஆயிரம் வோல்ட் கொடுத்தால் ஒவ்வொரு ரவையும் முனைவுற்று, தலையும் வாலுமாகக் கோர்த்து வரிசை கட்டும். சோதனை பொய்த்தால் முதலில் ரவையைக் குறையுங்கள். ஒரு சிட்டிகை போதும், ஆர்வத்தில் ஒரு ஸ்பூன் போட்டால் உப்புமாதான். எண்ணெய் மிக ஆழமாக இருந்தால் ரவை அடியில் போய் உட்காரும், சில மில்லிமீட்டர் ஆழம் போதும். ரவை நமுத்திருந்தால் கட்டி கட்டியாக ஒட்டும், வெறும் வாணலியில் வறுத்து ஆற வைத்துப் போடுங்கள். மின்சாரத்துக்கு ஆய்வகத்தின் மின்னோட்டம் கட்டுப்படுத்தப்பட்ட உயர் மின்னழுத்தக் கருவி அல்லது வான் டி கிராப் (சுழலும் பட்டை வழியாக உலோகக் கோளத்தில் மின்னூட்டம் சேர்க்கும் கருவி) மட்டும். வீட்டு மின்சாரத்தையோ பழைய டிவியின் உள்பாகத்தையோ நெருங்க வேண்டாம்.

உலோக வளையத்தை ஒரு முனையாக வைத்தால் வளையத்துக்கு உள்ளே ரவை எந்தத் திசையிலும் திரும்பாமல் கிடக்கும். அதைக் கோளாறு என்று நினைத்து மின்னழுத்தத்தைக் கூட்டாதீர்கள். கடத்தியின் உட்புறத்தில் மின்புலம் இல்லை என்று ரவையே காட்டுகிறது.

"வான் டி கிராப் சுற்றுகிறது, பொறி வரவில்லை"

10 செ.மீ. ஆரமுள்ள கோளம் காற்றில் தாங்கக்கூடிய உச்சம் 3 லட்சம் வோல்ட், ஏனென்றால் காற்று சுமார் மீட்டருக்கு 30 லட்சம் வோல்ட்டில் உடைந்துவிடும். பள்ளிக் கருவி அந்த உச்சத்தைத் தொடுவதில்லை. ஆனால் பொறியே வராவிட்டால் அறையை இருட்டாக்கிக் கருவியைப் பாருங்கள். கசியும் இடத்தில் மங்கலான ஊதா ஒளி தெரியும். கோளத்தில் ஒட்டிய தூசி இழை, பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டாண்டு, சுற்றி நெருங்கி நிற்கும் மாணவர்கள், எல்லாமே கசிவுப் பாதைகள். பட்டையையும் தாங்கும் தூணையும் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து முழுதாகக் காய்ந்த பிறகே ஓட்டுங்கள். கருவிக்குள் இருக்கும் உலோகச் சீப்பின் முனைகள் பட்டையைத் தொடாமல் சில மில்லிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். அடிப்பாகத்தின் எர்த் கம்பி அறுந்திருந்தாலும் மின்னேறாது.

ஸ்டூலில் ஏறிக் கோளத்தில் கை வைத்தவரின் முடி நிற்கவில்லை என்றால் மறுபடியும் எண்ணெய்தான், அல்லது பின்னல். மர ஸ்டூல் ஈரத்தில் கசியும். பிளாஸ்டிக் ஸ்டூல் போடுங்கள். கையைக் கோளத்தில் வைத்த பிறகு சுவிட்சைப் போட வேண்டும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அந்த அறையில் இருக்கவே கூடாது.

"கணக்கில் விசை கோடிக்கணக்கான நியூட்டன் வருகிறது"

மைக்ரோவையும் நானோவையும் விட்டுவிட்டீர்கள், அல்லது செ.மீ.யை மீட்டராக்கவில்லை. ஒரு மீட்டர் இடைவெளியில் ஒரு கூலூம், ஒரு கூலூம் வைத்தால் 900 கோடி நியூட்டன். அது ஆய்வகத்தில் வரக்கூடிய எண் அல்ல.

"தொட்டால் ஷாக் அடிக்கிறது, நிலைமின்னா?"

சோதனைக்கு வெளியே அதிகம் வரும் கேள்வி. பெங்களூரில் பிப்ரவரி, மார்ச்சில் காரை விட்டு இறங்கும்போது விரலில் சுளீரென்று ஒன்று வரும். அது நிலைமின். இருக்கையோடு உடை உரசியதில் வந்தது. நம் உடலின் மின்தேக்குத்திறன் சுமார் 100 பிகோஃபாரட். சுமார் 3,000 வோல்ட் இருந்தால்தான் நமக்கு உறைக்கும். அப்போது அதிலுள்ள ஆற்றல் 0.45 மில்லிஜூல்தான், உடலுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ள அதில் பாதியே போதும். கேனில் பெட்ரோல் வாங்கினால் வண்டிக்குள் வைத்து நிரப்பாமல் தரையில் வைத்து நிரப்பச் சொல்வது அதற்குத்தான். இறங்கும்போது கதவின் உலோகச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டே எழுந்து, கால் தரையில் பட்ட பிறகு விடுங்கள். பொறி வராது.

கணினியைத் திறப்பவர்களுக்கு வேறு சிக்கல். சில சில்லுகள் 100 வோல்ட்டுக்கும் குறைவான மின்னிறக்கத்தில் பழுதாகும், உங்களுக்கோ எதுவுமே தெரியாது. எர்த் செய்த மணிக்கட்டுப் பட்டை கட்டிக்கொண்டு வேலை செய்யுங்கள். அதற்குள் ஒரு மெகாஓம் மின்தடை இருக்கும், அது உங்கள் பாதுகாப்புக்காக.

கிரைண்டர், வாஷிங் மெஷின், இஸ்திரிப் பெட்டி என்றால் கதை வேறு. நிலைமின் ஒரே ஒரு தடவை சுரீரென்று அடிக்கும், மறுபடி தொட்டால் இருக்காது. தொடும்போதெல்லாம் அடித்தால், விர்ரென்று தொடர்ந்து இழுத்தால், வெறுங்காலிலோ ஈரத் தரையிலோ நிற்கும்போது கூடினால், அது மின்கசிவு. "சும்மா ஸ்டேட்டிக்தான்" என்று விடக் கூடாத இடம் இது. லேப்டாப்பின் உலோக உடலைத் தடவும்போது வரும் மெல்லிய கூச்சம்கூட நிலைமின் அல்ல, எர்த் இல்லாத இரண்டு பின் அடாப்டரின் கசிவு. அது அநேகமாக ஆபத்தில்லாதது, எர்த் உள்ள மூன்று பின் இணைப்பில் போய்விடும். கிரைண்டர் விஷயத்தில் அந்தச் சலுகை கிடையாது. மெயின் சுவிட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்குங்கள். எலக்ட்ரீஷியனை அழைத்து சாக்கெட்டில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா, மோட்டாரின் காப்பு போயிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லையென்றால் அதே வருகையில் போடச் சொல்லுங்கள். அதுவரை மாவைப் பக்கத்து வீட்டில் அரைத்துக்கொள்ளலாம்.